வாசலில் போனால் கொல்லையில் வரும்

எங்கள் ஆற்றில் ஒரு பொருள் விழுந்தால் யாரும் பதறுவதில்லை. குடம் போனாலும் சரி, குடை போனாலும் சரி, "அட, போகட்டும்" என்று விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மறுநாள் சாவகாசமாக எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார்கள். என் மனைவி அந்தப் பொருளை உள்ளேயிருந்து எடுத்து வந்து கையில் கொடுப்பாள். கூடவே இரண்டு திட்டும் கொடுப்பாள். அது இலவசம்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஆறு வளைகிற வளைசல் அப்படி. எங்கோ மலையில் பிறக்கும்போது துள்ளிக் குதித்துத்தான் வருகிறதாம், நான் பார்த்ததில்லை. சமவெளியில் இறங்கியதும் எந்த வேலையாகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோன ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. இந்தப் பக்கம் கொஞ்சம் போகும், அந்தப் பக்கம் கொஞ்சம் போகும். சத்தம் கிடையாது, நுரை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் கரையில் நின்று இது எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்பார்கள். ஒரு காய்ந்த இலையைப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்ட ஆறு எங்கள் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போய், ஊரையும் வயல்களையும் ஒரு தோப்பையும் சேர்த்துப் பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேர்கிறது. நடுவில் இருப்பது எங்கள் வீடும், பக்கத்திலேயே ஊருக்குள் போகிற சாலையும்தான். வாசல் படித்துறையிலிருந்து கொல்லைப் படித்துறைக்கு நாம் நடந்துபோக ஒரு கொட்டாவி விடுகிற நேரம் போதும். ஆற்றுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேண்டும்.

அதனால் வாசல் பக்கம் விழுந்தது எதுவானாலும் மறுநாள் கொல்லைப் பக்கம் வந்துவிடும். தேடி வருகிறவர்களிடம் என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தாமல் "நாளைக்கு வா" என்பாள். அதனால் ஊரில் அவளுக்கு 'நாளைக்கு அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

தொழில் அதுவல்ல. தொழில் சைக்கிள் ரிப்பேர். சாலைக்கும் கொல்லைக்கும் நடுவில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறாள். ஊருக்குள் போக வேறு வழி கிடையாது என்பதால், இங்கே சைக்கிள் வைத்திருக்கிற யாரும் அவள் கையிலிருந்து தப்ப முடியாது. காற்று இறங்கின சைக்கிளை ஓட்டிக்கொண்டு கொட்டகையைத் தாண்டினால், உள்ளேயிருந்தே சத்தம் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். "யாருடா அது, டியூப்பை அரைச்சுக்கிட்டுப் போறது? நில்லு!" அவன் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளையாக இருந்தாலும் நின்றுதான் ஆகவேண்டும்.

நான் தையல்காரன். அவளுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவன். ஆமாம், நான்தான் வந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊரில் ஓடுவது வேகமான ஆறு. செருப்பு விழுந்தால் கரையோடு தலைதெறிக்க ஓடவேண்டும். அடுத்த பாலத்துக்குள் பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பவேண்டியதுதான். அப்போது நான் என் முதலாளியின் கடையில் கையாளாக இருந்தேன். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்து, மூட்டையாகக் கட்டி, படகில் கொண்டுவந்தேன். வாசல் படித்துறையில் இறங்கும்போது கால் வழுக்கி மூட்டை ஆற்றில் விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீச்சல் தெரியாது என்பதும் நினைவுக்கு வரவில்லை. தொபுக்கென்று குதித்துவிட்டேன்.

கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கைகாலை உதறி, தண்ணீரைக் குடித்து, "காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தபோது, படியில் ஸ்பேனரும் கையுமாக ஒரு பெண் வந்து நின்றாள்.

"நிமிந்து நில்லுங்க" என்றாள்.

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

"என் மூட்டை! மூட்டை போகுதுங்க!"

"போகட்டும். நாளைக்குக் கொல்லைப் பக்கம் வாங்க."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மறுநாள் போனால், அத்தனை சட்டைகளும் அலசிப் பிழிந்து கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் அதில் ஒரு சட்டையை உருவி என்னிடம் நீட்டினாள்.

"இதுல ரெண்டாவது பட்டன் கோணலா இருக்கு. அது ஆறு பண்ணினது இல்ல. நீங்க பண்ணினது."

அன்றைக்கே விழுந்துவிட்டேன். இந்தத் தடவை ஆற்றில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் வேலைப் பிரிவினை தானாக அமைந்துவிட்டது. வாசல் பக்கத்து ஜன்னலோரம் என் தையல் மெஷின். கொல்லைப் பக்கம் அவள் கொட்டகை. காலால் மிதித்துக்கொண்டே ஆற்றில் ஒரு கண் வைத்திருப்பேன். ஏதாவது மிதந்து போனால் "பச்சை வாளி!" என்றோ "ஒத்தைச் செருப்பு!" என்றோ கத்துவேன். அவள் பதில் சொல்லமாட்டாள். ஆனால் மறுநாள் அந்த நேரத்துக்குச் சரியாக, நுனியில் கொக்கி வைத்த நீளத் துரட்டியோடு கொல்லைப் படியில் உட்கார்ந்திருப்பாள். காற்று எதிராக இருந்தால் ஒரு சாப்பாட்டு நேரம் பிந்தும், மழை பெய்திருந்தால் முந்தும். எல்லாம் அவளுக்குக் கைவந்த கணக்கு.

என்னவெல்லாம் வந்திருக்கிறது என்கிறீர்கள்! பந்துகள், பாய்கள், ஒருமுறை ஒரு முழுக் கதவு. ஒரு மர நாற்காலி, யாரோ கண்ணுக்குத் தெரியாத பெரிய மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்ந்தபடியே வந்தது. வாத்துக்காரரின் தொப்பி வருஷத்துக்கு நான்கைந்து தடவை வரும். ஒருமுறை உள்ளே ஒரு தவளையோடு வந்தது. "உங்க ஆளும் சேர்ந்து வந்திருக்காரு" என்று சொல்லித் தவளையோடு அப்படியே கொடுத்தாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் தவளையைக் கவனித்தார்.

ஆனால் ஒன்று. இதெல்லாம் வாசல் பக்கத்துக்குத்தான். கொல்லைப் பக்கம் விழுந்தால் போனது போனதுதான். கொல்லையைத் தாண்டியதும் ஆறு ஒரு பெரிய நாணல் காட்டுக்குள் புகுந்து பத்துப் பன்னிரண்டு கிளையாகப் பிரிந்து, கண்ட இடத்தில் தேங்கி, கடைசியில் பெரிய ஆற்றில் போய்ச் சேர்கிறது. அந்த நாணலுக்குள் ஒரு யானை போனாலும் கண்டுபிடிக்க முடியாது. கெட்ட பழக்கம் என்னவென்றால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் அடிக்கடி மறந்துபோகும்.

பால்காரர் ஒருமுறை கொல்லைத் துறையில் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மூடி போட்ட புது கேன் கைநழுவிப் போய்விட்டது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். மனுஷன் பிடிக்கவில்லை. அது ஆடி ஆடிப் போவதைச் சிரித்த முகத்தோடு பார்த்து, கையை வேறு ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து படியில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, யாரைப் பார்க்கணும்?" என்றாள் இவள்.

"கேன் வரும்ல, அதான்."

"எங்க விழுந்துச்சு?"

"இதோ, இங்கதான்."

"இது கொல்லை அண்ணே."

"ஆமா, கொல்லைதான். அதான் கொல்லையில உட்கார்ந்திருக்கேன்."

அவருக்கு விளங்கவைப்பதற்குள் எங்களுக்கு மதியம் ஆகிவிட்டது. விளங்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊரே ஒரு வாரம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கொல்லைப் பக்கம் போன வேறொன்றைப் பற்றி யாரும் அவளிடம் பேசமாட்டார்கள்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. அம்மா அப்பா இல்லாத வீட்டில் இவள்தான் வளர்த்தாள். வேலைக்கு என்று கொல்லைத் துறையில் மோட்டார் லாஞ்சு ஏறிப் போனான். பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டது இவள்தான். போன இடத்தில் நன்றாக இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் ஆகிவிட்டது. போனில் பேசுவான். "வர்றேன்க்கா, வர்றேன்க்கா" என்பான். இன்னும் வந்தபாடில்லை. வந்திருந்தால் நான் என் மைத்துனனை நேரில் பார்த்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். முகம் என்னுடையது, கை அவளுடையது. பால்குடி மறந்த நாளிலிருந்து கொட்டகையில்தான் கிடந்தாள். நீச்சல் கற்றுக்கொடுக்க என் மனைவி ஒரு பழைய லாரி டியூப்பை வாங்கி, ஓட்டை எல்லாம் ஒட்டிக் காற்றடித்து, மகளை அதற்குள் உட்காரவைத்து வாசல் துறையில் தள்ளிவிட்டாள். "ஏன்மா, குழந்தை போயிடப்போறா!" என்று கத்தினேன். "போனா நாளைக்குக் கொல்லையில எடுத்துக்கலாம்" என்றாள். சொன்னாளே தவிர, இடுப்புத் தண்ணீரில் நின்று, டியூப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அந்த டியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்து, கடைசியில் டியூப்பைவிட ஒட்டுதான் அதிகம் இருந்தது. மகள் பெரியவளான பிறகும் அதைத் தூக்கிப் போடவில்லை. கொட்டகை மூலையில் கிடந்தது.

மகளுக்குச் சைக்கிள் போதவில்லை. படகு இன்ஜின் வேலை கற்றுக்கொண்டாள். பெரிய ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு படகுப் பட்டறையில் வேலையும் கிடைத்தது. செய்தி வந்த அன்று என் மனைவி ஊரில் ஒருவரையும் விடவில்லை. "என் பொண்ணு இன்ஜினைப் பிரிச்சு மாட்டுவா, தெரியும்ல?" என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். எங்கே வேலை, எப்படிப் போவாள் என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே போகச் சாலை கிடையாது. லாஞ்சுதான். லாஞ்சு கொல்லைத் துறையிலிருந்துதான் கிளம்பும்.

அன்று சாயங்காலம் சமையல்கட்டில் சண்டை ஆரம்பித்தது.

"நீ வாசல் பக்கமா போ" என்றாள் அம்மா.

"வாசல்ல ஏதும்மா லாஞ்சு?"

"முந்தின நாளே வாத்துக்காரர் படகுல வாசல் துறையில ஏறிக்க. ராத்திரி அவங்க அக்கா வீட்டுல தங்கிக்க. காலையில சுத்தி வந்து, கொல்லைத் துறையில இறங்கி லாஞ்சுல ஏறு."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதாவது, நம்ம வீட்டுல இருந்து கிளம்பி, ஒரு நாள் பூரா போயி, நம்ம வீட்டுக்கே வந்து சேரணும்."

"ஆமா."

"வந்து சேர்ந்துட்டு, மறுபடி கிளம்பணும்."

"அதான் சொல்றேன்ல."

"அம்மா, உனக்கு என்னதான் ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்லத் தெரிந்தால்தானே! நல்ல நேரம் கெட்ட நேரம் என்று எதையும் பார்க்காதவள் என் மனைவி. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுப் போகிறவள். இப்போது இப்படி ஒரு பிடி பிடித்ததும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. "அப்பா, அம்மாகிட்ட உப்பு கேளுங்க." "என்னங்க, உங்க பொண்ணுகிட்ட உப்பு அங்கேயேதான் இருக்குன்னு சொல்லுங்க." நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலு நாள் கழித்துத் தனியாக இருந்தபோது அவளிடம் கேட்டேன். கோணிப்போன ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தம்பி போனப்ப நான்தான் பெட்டியைத் தூக்கி வெச்சேன். சிரிச்சுக்கிட்டே வெச்சேன். அந்தப் பால்காரர் கேனுக்குக் கையாட்டின மாதிரி. இந்தப் பக்கம் போனது எதுவுமே இதுவரைக்கும் திரும்பி வரலைங்க. எனக்கு பயமா இருக்கு. பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் தெரியுது. தெரிஞ்சும் பயமா இருக்கு."

கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர் முழுக்கத் திட்டுகிற வாய் அது.

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். மாமா கதை அவளுக்குத் தெரியும், ஆனால் பெட்டியை ஏற்றியது யார் என்று தெரியாது.

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா? சுத்திக்கிட்டுப் போயிருப்பேனே. இப்ப பட்டறையில இருந்து சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில லாஞ்சு. அதை விட்டா அடுத்த வாரம்தான்."

"சரி, விடு. அம்மாவை நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா!" என்று சிரித்தாள். அவளுக்கும் என் லட்சணம் தெரியும்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மெஷினில் உட்கார்ந்தேன். மகளின் வேலைச் சட்டைக்குப் பை தைக்கவேண்டியிருந்தது. ஸ்பேனர் வைக்கிற மாதிரி ஆழமான பை. தலைநிமிர்ந்து பார்த்தால், வாசல் துறையில் மகள் நிற்கிறாள். கையில் அந்த லாரி டியூப். காற்றடித்திருக்கிறாள். முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, டியூப்பை மெதுவாக ஆற்றில் வைத்து, ஒரு தள்ளுத் தள்ளினாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, பிறகு கிளம்பிப் போனது.

திரும்பும்போது ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு படியேறிவிட்டாள். நானும் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். "கறுப்பு டியூப்!" என்று தொண்டை வரை வந்துவிட்டது. கத்தியே பழகிய வாய். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

லாஞ்சு வந்தது. பெட்டியை நான்தான் ஏற்றினேன். என் மனைவி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மகள் உள்ளே போய் நின்றாள்.

"அம்மா, போயிட்டு வர்றேன்."

அவள் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள். லாஞ்சு சத்தம் நாணலுக்குள் போய் மறைகிற வரைக்கும் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் எடுப்பதற்குப் பெண்டே இல்லை, நான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் துரட்டியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்த தினுசு மாறியிருந்தது. பொருள்கள் வருகிற மேற்பக்கத்தைப் பார்த்துத்தான் எப்போதும் உட்காருவாள். அன்று அதற்கு முதுகைக் காட்டி, லாஞ்சு போன பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோனேன். முதல் டீயே ஆறிக் கிடந்தது.

டியூப் வரவில்லை. வெயில் ஏறியது. வரவேண்டிய நேரம் தாண்டியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆற்றைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவும் முடியாது. துணி அளக்கிற கஜக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு அளவு எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

கரையோடு போனேன். இத்தனை காலம் ஜன்னலோரம் இருந்து பார்த்த ஆற்றை முழுச் சுற்றும் அன்றுதான் பின்தொடர்ந்தேன். வளைவின் வெளிப்பக்கம் கரையை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வேலிக்கம்பங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. தின்றதை எல்லாம் உட்பக்கம் கொண்டுவந்து மணல்மேடாகத் துப்பி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அகலமாகப் படுத்துக்கிடக்கிறது. தோப்பு நிழலில் பச்சையாக, வயல் ஓரத்தில் பழுப்பாக, எங்கேயும் அவசரமே இல்லை. எனக்குத்தான் அவசரம். ஒவ்வொரு நாணல் புதரையும் எட்டிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

துணி துவைக்கிற துறையில் ஒரு அம்மாவிடம் கேட்டேன். "கறுப்பா ஒரு டியூப் போச்சா?"

"நேத்துச் சாயங்காலமே போச்சே. அதுக்கு எதுக்கு டெய்லர் மாமா இந்த வெயில்ல அலையறீங்க? இன்னைக்கு உங்க வீட்டுக்குத்தானே வரும்!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிப்பது ஒன்றும் புதிதல்ல.

எங்கள் கொல்லைக்கு முந்தின கடைசித் திருப்பத்தில், வாத்துக்காரர் பட்டிக்குப் பக்கத்தில் அது கிடந்தது. ஆகாயத்தாமரைக் கும்பலில் சிக்கி, மேலே இரண்டு வாத்துகளை ஏற்றிக்கொண்டு, ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. கையில் எடுத்துப் போயிருக்கலாம். சைக்கிளில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் வீடு. ஆனால் அது ஆற்றில் வந்து சேரவேண்டிய பொருள். வரப்பில் படுத்துக் கஜக்கோலை நீட்டி, இலைகளை விலக்கி, டியூப்பை ஒரு நெம்பு நெம்பினேன். வாத்துகள் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கின.

"என்ன டெய்லரே, அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார் வாத்துக்காரர்.

"உங்க வாத்துக்குச் சட்டை தைக்கலாம்னு அளவு பார்க்கறேன்."

"கழுத்துப் பக்கம் கொஞ்சம் லூசா வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

டியூப் ஆற்றின் நடுவுக்குப் போய் நகர ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்து வீட்டுக்கு வந்தேன். கொல்லைக் கதவருகே, ஒரு கால்சட்டைக்கு ஓரம் மடிக்கிற பாவனையில் உட்கார்ந்தேன். எதை மடித்தேன் என்று எனக்கே தெரியாது. வெயில் தாழ்ந்து வந்தபோது டியூப் வந்தது. படிக்கு அருகில் வந்து, அவள் முதுகுக்குப் பின்னால், நீட்டிவைத்திருந்த துரட்டியின் மூங்கிலில் மெத்தென்று மோதியது.

கை அசைந்ததில் திரும்பிப் பார்த்தாள். துரட்டியால் இழுத்தாள். பழக்கத்தில் கை தானாக இழுத்தது; இழுத்த பிறகுதான் கண் பார்த்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். எல்லாம் அவள் கையால் ஒட்டியது.

"என்னங்க."

"ம்?"

"இது கொட்டகையிலதானே கிடந்துச்சு?"

"ஆமா."

"இது இங்க வரணும்னா வாசல்லதானே போயிருக்கணும்?"

"ஆமா."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவ விட்டப்பவே பார்த்தேன்."

"கத்தலையே நீங்க."

"கத்தலை."

அவள் டியூப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டை முழுக்க ஈரம். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் தோள் குலுங்குவது மாறியது, பார்த்தால் சிரிக்கிறாள். அவளுடைய கட்டைவிரலில் நீலமாக என்னவோ ஒட்டியிருந்தது. டியூப்பில் நான் நெம்பின இடத்தில் அதே நீலம், ஒரு கோடாக. துணியில் கோடு போடுகிற மெழுகுச் சாக்பீஸ், என் கஜக்கோலில் எப்போதும் அப்பியிருப்பது.

"ஏங்க, நம்ம ஆத்துல சாக்பீஸெல்லாம் விளையுதா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "கடைசித் திருப்பத்துல மாட்டிக்கிச்சு. லேசா ஒரு தள்ளு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அதுவா வந்தது."

"கையில எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"எடுத்துட்டு வந்தா அது நான் கொண்டுவந்ததா ஆயிடுமே. அவ வந்ததா ஆகாதே."

அவள் என்னைப் பார்த்த பார்வை, அந்த இடுப்பளவு தண்ணீரில் நான் நிமிர்ந்து நின்றபோது பார்த்த அதே பார்வை. "நீங்களும் இந்த ஊர்க்காரரா ஆயிட்டீங்க" என்றாள். இதைவிட நல்ல வார்த்தை அவள் எனக்குச் சொன்னதில்லை.

உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள். நான் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"டியூப் வந்துடுச்சு... ம். இப்பதான்... ஏண்டி, காத்து அடிச்சியே, ஒட்டெல்லாம் தாங்குமான்னு பார்த்தியா? ஒரு பக்கம் இறங்கியிருக்கு... சாப்பிட்டியா? பை ஆழமா இருக்கா, ஸ்பேனர் நிக்குதா?... சரி. சரி. வை." வைத்துவிட்டு மறுபடி எடுத்து, "லீவு எப்ப விடுவாங்கன்னு கேட்டு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அம்மாவும் மகளும் சமாதானம் ஆகிக்கொள்வது இவ்வளவுதான்.

அப்புறம் கொட்டகையில் விளக்கைப் போட்டாள். அகலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, டியூப்பை அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. துடைத்து, உரசி, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, ஒரு புது ஒட்டுப் போட்டுச் சுத்தியலால் தட்டினாள். மறுபடி தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். குமிழி இல்லை.

டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து நேராக வாசல் கதவுக்குப் போனாள். கதவோரத்து ஆணியில் அதை மாட்டினாள்.

"இங்க எதுக்கு? வழியை அடைக்குதே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். "அடுத்த தடவை வந்துட்டுப் போறப்ப வேணும்ல?"

அந்த ஆணியில் முன்பு என் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எங்கே வைத்தாய் என்று கேட்டால், மழை வரட்டும், அப்போது தேடிக்கலாம் என்கிறாள்.